மாடலைத் திட்டும் முன் அந்த ஒரு வரியைத் திறந்து பாருங்கள்

தானே கோப்புகளைத் திறந்து நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட் தவறான கோப்பில் கை வைத்துவிட்டால் நம் ஆட்கள் முதலில் சொல்வது, "மாடல் சரியில்லை." அடுத்தது, "பிராம்ப்டை (மாடலுக்குத் தரும் கட்டளை உரையை) மாற்றிப் பார்ப்போம்." கோப்பைத் தேட, திருத்த என்று அதன் கையில் கொடுத்த கருவிக்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறோம் என்று பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும், அதுவும் கருவியின் பெயரையே திருப்பிச் சொல்லும் வரி.

அண்மையில் ஒரு திட்டத்தில் தேடல் கருவி ஒன்றைப் பார்த்தேன். விளக்கம்: "கோப்புகளைத் தேடும்." சரி, எதில் தேடும்? கோப்பின் பெயரிலா, உள்ளே இருக்கும் வரிகளிலா? ரெகுலர் எக்ஸ்பிரஷன் (ஒரு சொல்லுக்குப் பதில் எழுத்து வடிவத்தைக் குறிக்கும் தேடல் குறியீடு) கொடுக்கலாமா? வெளியிலிருந்து இறக்கிய நிரல்கள் குவிந்திருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் துழாவுமா? ஆயிரக்கணக்கான இடங்களில் கிடைத்தால் அத்தனையையும் கொட்டுமா? அதை உருவாக்கிய இளைஞரிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தயங்காமல் விடை சொன்னார். அந்த விடைகளில் ஒன்றுகூட ஏஜென்ட்டுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. கருவியைப் பற்றி அதற்குப் போய்ச் சேர்வது பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஸ்கீமா (எந்த உள்ளீடு, எந்த வடிவில் வேண்டும் என்ற வரையறை), அவ்வளவுதான். நிரலுக்குள் நீங்கள் அக்கறையாக எழுதிய கமென்ட் அதற்குப் போவதில்லை. தெரியாத இடத்தில் அது ஊகிக்கும். தேடியது கிடைக்கவில்லை என்றால், "அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை" என்று முடிவு கட்டிப் புதிதாக ஒன்றை எழுதி வைத்துவிடும்.

இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம்: "கோப்புகளின் உள்ளடக்கத்தில் தேடும். கோப்புப் பெயரில் தேடாது, அதற்குப் பெயர்த் தேடல் கருவியைப் பயன்படுத்தவும். தேடுசொல் ரெகுலர் எக்ஸ்பிரஷனாகவே கொள்ளப்படும். கிட் இக்னோரில் (ஒதுக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலில்) உள்ளவை விடப்படும். முதல் 50 முடிவுகள் மட்டும் வரும். அதற்கு மேல் இருந்தால் மொத்த எண்ணிக்கை தெரிவிக்கப்படும், அப்போது ஃபோல்டரைக் குறிப்பிட்டுத் தேடவும்." என்னைக் கேட்டால் இதில் இரண்டாவது வாக்கியம்தான் உயிர். கருவி என்ன செய்யும் என்பதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். என்ன செய்யாது, எப்போது பக்கத்துக் கருவியிடம் போக வேண்டும் என்று எழுதத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

கிளாட் மாடலை உருவாக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. உண்மையான நிரல் சிக்கல்களைத் தீர்க்கச் சொல்லி மாடல்களை அளக்கும் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் சோதனைக்காக ஏஜென்ட் உருவாக்கியபோது மொத்த பிராம்ப்டைவிடக் கருவிகளைச் செதுக்குவதற்கே அதிக நேரம் செலவிட்டார்களாம். ஏஜென்ட் முதன்மை ஃபோல்டரை விட்டு வெளியே நகர்ந்ததும், இருக்கும் ஃபோல்டரை வைத்துக் கணக்கிடும் சார்புப் பாதைகளைக் கொடுத்துத் தடம் மாறியிருக்கிறது. வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதைதான் வேண்டும் என்று கருவியை மாற்றினார்கள். சிக்கல் தீர்ந்தது. மாடலை யாரும் தொடவில்லை. அதே நிறுவனத்தின் இணையத் தேடல் கருவியில் மாடல் தேவையில்லாமல் தேடுசொல்லோடு 2025 என்று ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கத்தைத் திருத்தித்தான் அதையும் சரிசெய்தார்கள்.

ஆனால் விளக்கத்தில் கெஞ்சிக்கொண்டே இருப்பதும் வீண். ஸ்கீமாவிலேயே கட்டிப்போட முடிந்ததை அங்கேயே கட்டிப்போடுங்கள். மூன்று மதிப்புகளில் ஒன்றுதான் வரலாம் என்றால் அந்த மூன்றையும் பட்டியலிடுங்கள். 'யூசர்' என்று உள்ளீட்டுக்குப் பெயர் வைத்துவிட்டு, பெயரா எண்ணா என்று விளக்கத்தில் பத்தி எழுதுவதைவிட 'யூசர் ஐடி' என்றே பெயர் வைத்துவிடலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 2024இல் வெளியிட்ட, நிரல் சிக்கல்களைத் தீர்க்கும் எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் இந்த வழியில்தான் போனது. நிரல்மொழியின் இலக்கணப் பிழையுள்ள திருத்தத்தை அதன் திருத்தும் கருவி ஏற்காமல் திருப்பி அனுப்பும். கட்டளை ஓடி முடிந்து எதையும் அச்சிடவில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லும். வெற்றுத் திரையைப் பார்த்து மாடல் குழம்ப வேண்டியதில்லை.

பிழைச்செய்தியையும் நான் விளக்கத்தின் மீதிப் பாதி என்றே கருதுகிறேன். "தவறான உள்ளீடு" என்று முகத்தில் அடித்தால் ஏஜென்ட் அதே தவறை வேறு மாதிரி செய்து பார்க்கும். "நீங்கள் கொடுத்த வரி கோப்பில் மூன்று இடங்களில் உள்ளது, அக்கம்பக்கத்து வரிகளையும் சேர்த்துக் கொடுக்கவும்" என்றால் அடுத்த அழைப்பிலேயே திருந்திவிடும்.

நீளமாக எழுதினால் தெளிவு வந்துவிடும் என்று நினைப்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. 2024 நவம்பரில் எம்சிபி (ஏஜென்ட்டோடு கருவிகளை இணைக்கும் பொது நெறிமுறை) வந்த பிறகு கருவிகளை இணைப்பது எளிதாகிவிட்டது, கண்டதையும் இணைக்கிறார்கள். எல்லாக் கருவிகளின் விளக்கங்களும் முன்கூட்டியே ஏற்றப்படும் அமைப்பில், நீங்கள் முதல் கேள்வி கேட்கும் முன்பே பல்லாயிரம் டோக்கன்கள் (மாடல் படிக்கும் உரைத் துணுக்குகள்) கரைந்திருக்கும். ஒவ்வொரு விளக்கத்திலும் "மிக மிக முக்கியம்" என்று கத்தினால் எது முக்கியம் என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? நிரலைக் கொடுத்து மாடலையே விளக்கம் எழுதவைப்பது இப்போதைய வழக்கம். வழவழப்பாக எழுதிக் கொடுக்கும், நிரலில் இல்லாத விவரம் அதிலும் இருக்காது.

இன்னொன்று. விளக்கத்தில் எழுதியதை மாடல் கிட்டத்தட்ட உத்தரவாகவே எடுத்துக்கொள்கிறது. அதற்குள் கள்ளக் கட்டளையை ஒளித்துவைத்து இரகசியக் கோப்புகளைக் கறக்க முடியும் என்று ஏஐ பாதுகாப்பு நிறுவனமான இன்வேரியன்ட் லேப்ஸ் 2025 ஏப்ரலில் காட்டியது. இவ்வளவு வலிமையுள்ள ஓர் எழுத்தை நிரல் மதிப்பாய்வில் "வெறும் டாக்குமென்டேஷன்தானே" என்று கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கிறோம். விளக்கத்தில் ஒரு வாக்கியம் மாறினாலும் பழைய வேலைகள் சிலவற்றை ஏஜென்ட்டிடம் மறுபடி கொடுத்து, எந்தக் கருவியை எடுக்கிறது என்று பதிவேட்டைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. டோக்கன் செலவாகுமே என்கிறார்கள். தவறான கோப்பைத் திருத்தி, அதைத் திரும்பத் திருத்தச் செலவாகும் டோக்கனை யார் கணக்கில் எழுதுவதாம்?