அஸ்வெசும படிவமும் லயத்துச் சுவரும்

இலங்கையில் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதந்தோறும் பணம் வழங்கும் அஸ்வெசும திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியபோது அதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். அந்தக் கருத்தை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. 1995 முதல் நடந்துவந்த சமுர்த்தி நிவாரணத் திட்டத்தில் ஒரு குடும்பத்தின் பெயர் சேர்வதும் சேராததும் பல இடங்களில் அரசியல்வாதிகளின் தயவைப் பொறுத்திருந்தது என்பது தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த எங்கள் மலையகத்தில் பலரும் அறிந்த சங்கதி. அதற்குப் பதிலாக 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பத்தை அளந்து, மிக வறியவருக்கு மாதம் 15,000 ரூபாய், வறியவருக்கு 8,500 ரூபாய் என்று நேரே வங்கிக் கணக்கில் இடுவது (2025 இல் இவை 17,500, 10,000 என உயர்ந்தன) நல்ல ஏற்பாடுதான். என் குறையெல்லாம் அந்த அளவுகோலைப் பற்றியது.

கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, குடும்ப அமைப்பு ஆகியவற்றோடு வீட்டின் நிலையும் அதில் பார்க்கப்படுகிறது. கிராமத்தில் ஒருவர் உறுதியான சுவர் எழுப்பியிருந்தால், என்றோ ஒரு நாள் அவர் கையில் காசு புழங்கியிருக்கிறது என்று கொள்வதில் நியாயம் உண்டு. தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடான லயத்தின் சுவரோ வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டம் கட்டியது. தரையும் தகரமும் அப்படியே. நான்கு தலைமுறையாக அதற்குள் வாழ்பவருக்கு அந்த இடத்துக்கு உறுதிப் பத்திரம்கூட இல்லாதபோது, அந்தக் கருங்கல் அவருடைய வசதியைப் பற்றி எதைச் சொல்லிவிடும்? லயத்தின் ஒரே காம்பிராவில், அதாவது ஒரே அறையில், திருமணமான மகனும் தாயும் தனித்தனி அடுப்பு மூட்டினாலும் மின்சாரப் பட்டியல் ஒன்றுதான் வருகிறது. படிவத்தில் அந்த விவரத்தையும் கேட்டார்கள். யாருடைய செலவென்று எழுதுவது?

தோட்டப்புறம் வறியது என்பதை அரசாங்கத்தின் கணக்கெடுப்புகளே சொல்லியிருக்கின்றன. 2019 இல் நாடளாவிய வறுமை 14.3 வீதமாக இருந்தபோது பெருந்தோட்டத் துறையில் அது 33.8 வீதம். 2016 இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். எங்கள் பசி பெரும்பாலும் வெறும் வயிற்றுப் பசியன்று. காலையில் ரொட்டியும் சம்பலும், மத்தியானமும் அதுவே, இடையில் சாயத்தண்ணி என்று கோதுமை மாவால் அடைக்கப்படும் பசி. 2022 இல் மாவின் விலை எகிறியபோது ரொட்டியும் சிறுத்துப்போனது, தாய்மாரின் பங்கு முதலில்.

பாடசாலை உணவு 2024 இல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். யார் வறியவர் என்று நிரூபிக்கச் சொல்லாமல் தட்டை வைக்கும் திட்டம் அது. ஆனால் பிள்ளையின் வளர்ச்சி தடைப்படுவது பெரும்பாலும் கருவிலும் முதல் இரண்டு வயதிலுமாகும். அந்த வயதுப் பிள்ளை தாய் மலையில் கொழுந்தெடுக்கும் நேரமெல்லாம் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பிராவில் இருக்கிறது. கர்ப்பிணிக்கும் அந்தப் பிள்ளைக்கும் கொடுப்பதையாவது வறியவர் பட்டியல் பார்க்காமல் கொடுக்கலாம்.

அடுத்த காம்பிரா அக்காவின் அஸ்வெசும மேன்முறையீட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். முதல் முறை அலுவலகத்தில் பொறுப்பானவர் இல்லை. இரண்டாம் முறை அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயரின் எழுத்துகள் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு பயணமும் அன்றைய 1,350 ரூபாய் நாட்சம்பளத்தையும் பஸ் காசையும் தின்றது. உத்தியோகத்தர் ஒருவர் மாதத்தில் ஒரு நாள், கொழுந்து நிறுக்கும் நேரத்தில், அது நடக்கும் மடுவத்துக்கு வந்து அமர்ந்தால் இந்தச் செலவே இருக்காது. பணம் வழங்குவதைவிட மிக எளிதான இந்தக் காரியம் ஏன் எவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு விளங்கவேயில்லை.

மூன்றாம் முறை அழைத்தபோது நல்ல கொழுந்துக் காலம். ஒரு நாள் பேர், அதாவது நாட்சம்பளம், போனால் கடைக்கடனைக் கட்ட முடியாது என்று அக்கா மலைக்கே போய்விட்டார்.