கொல்லக் கொடுக்கும் காசைக் காவலுக்குக் கொடுங்கள்

2021 வசந்தத்தில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள பாய்சி தேசிய வனத்துக்குள் ஓநாய்க் குட்டிகள் எட்டைக் கொன்றார்கள். பிறந்து சில வாரங்களே ஆனவை, வளையை விட்டு அதிகம் வெளியே வராத வயது. கொன்றவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் வைல்ட்லைஃப் சர்வீசஸ் பிரிவு ஊழியர்கள். அரசுச் சம்பளத்தில், பொதுமக்களுக்குச் சொந்தமான நிலத்தில் இது நடந்தது.

அந்த ஓநாய்க் கூட்டத்தின் பெயர் டிம்பர்லைன். மாநிலத் தலைநகர் பாய்சியில் அதே பெயரில் இருக்கும் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் 2003-இல் அதைத் தத்தெடுத்து, காட்டுக்குப் போய்த் தடம் பார்த்துப் படித்து வந்தார்கள். 2021-இல் வளை காலியாகக் கிடந்தது. மாநில அரசின் இறப்புப் பட்டியலை வாங்கிப் பார்த்த பிறகுதான் குட்டிகளுக்கு என்ன ஆனது என்பது தெரிந்தது. கால்நடைகளைக் காக்கத்தான் இது, குட்டிகள் போய்விட்டால் பெரிய ஓநாய்கள் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும், அதனால் மொத்தத்தில் குறைவான ஓநாய்களைக் கொன்றால் போதும் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தைப் பலமுறை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

நான் இருப்பது இதே பாய்சியில்தான். வேலைக்காக வந்தவன், இப்போது இதுதான் என் ஊர். அதனால்தான் இதைத் தமிழில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

இந்த ஓநாய்கள் இங்கே எப்படி வந்தன என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். 1930-களுக்குள் ஐடஹோவில் ஓநாய்களை விஷம் வைத்தும் பொறி வைத்தும் ஏறக்குறைய ஒழித்தே விட்டார்கள். பிறகு 1995, 1996 ஆண்டுகளில் இதே மத்திய அரசு கனடாவிலிருந்து 35 ஓநாய்களைப் பிடித்து வந்து மத்திய ஐடஹோ மலைகளில் விட்டது. மாநிலச் சட்டமன்றம் தன் வனவிலங்குத் துறையை அந்த வேலையில் சேர விடவில்லை. அப்போது முன்வந்து பொறுப்பேற்றவர்கள் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர். பெரும் நிலப்பரப்பை இழந்த ஒரு சமூகம், தங்களைப் போலவே விரட்டப்பட்ட ஒரு விலங்கை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, கணக்கெடுத்துக் காத்தது. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பெருமையாகத் தோன்றும் பகுதி இதுதான்.

2011-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு நிதி மசோதாவில் ஒரு பிரிவைச் சேர்த்து இந்த ஓநாய்களின் சட்டப் பாதுகாப்பை நீக்கியது. 2014-இல் ஓநாய்களைக் கட்டுப்படுத்த என்றே மாநிலம் ஒரு வாரியம் அமைத்து, ஆண்டுக்கு 4,00,000 டாலர் ஒதுக்கியது. 2021 மே மாதம் ஆளுநர் பிராட் லிட்டில் கையெழுத்திட்ட சட்டம் எல்லாவற்றையும் தாண்டிப் போனது. ஒருவர் இத்தனை ஓநாய்தான் கொல்லலாம் என்ற வரம்பு போனது. பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் துரத்திக் கொல்லலாம் என்றது. தனியார் நிலத்தில் ஆண்டு முழுவதும் கண்ணியும் பொறியும் வைக்கலாம் என்றது. கொல்வதற்கு ஒப்பந்தக்காரர்களை வைத்துக்கொள்ளலாம் என்றது. மாநிலத்தின் ஓநாய்களில் 90 சதவீதம் வரை கொல்ல இது வழி திறக்கிறது என்பதுதான் அன்று வந்த செய்தி. பின்னர் வந்த 2023–2028 திட்டம், ஆயிரத்துக்கு மேல் இருந்த எண்ணிக்கையைச் சுமார் 500-க்கு இறக்குவதை இலக்காக வைத்திருக்கிறது.

ஆட்டுக்காரர்களின் கஷ்டம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 2013 ஆகஸ்டில் கிழக்கு ஐடஹோவில் ஒரே இரவில் 176 ஆடுகள் செத்தன. ஓநாய் வந்த மிரட்சியில் மந்தை சரிவில் பாய்ந்து, பெரும்பாலானவை நெரிசலில் மூச்சுத் திணறிப் போயின. மலையில் செத்த மாடு கிடைப்பதற்குள் அழுகிவிடுகிறது, அதனால் பல இழப்புகள் கணக்கிலேயே வருவதில்லை என்று அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அந்த இழப்பைக் குறைக்கும் வழி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அதுவும் இங்கிருந்து சில மணி நேரக் கார் தூரத்தில், வுட் ரிவர் பள்ளத்தாக்கில்.

2008 முதல் அங்கே ஆட்டுப் பண்ணைக்காரர்களும் ஓநாய் ஆர்வலர்களும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். மந்தையோடு இருப்பவர்களில் பெரும்பாலானோர் பெருவிலிருந்து வந்த மேய்ப்பர்கள். நம் ஊர்க் கீதாரிகள் கிடை போட்டுக் காவல் இருப்பது போலத்தான், இரவில் ஆடுகளை ஓரிடத்தில் அடக்கி, கூடவே படுக்கிறார்கள். கிடையைச் சுற்றிக் கயிறு கட்டி அதில் சிவப்புத் துணிப் பட்டைகளைத் தோரணம் போலத் தொங்க விடுகிறார்கள். காற்றில் படபடக்கும் அந்தத் துணியைத் தாண்ட ஓநாய் தயங்கும். சில வாரங்களில் பழகிவிடும் என்பதால் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றில் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். இதோடு நிறமும் நேரமும் மாறி மாறி மின்னும் விளக்குகள், சத்தத்துக்கு மட்டும் சுடும் துப்பாக்கி, அப்புறம் கன்றுக்குட்டி அளவு பைரனீஸ் காவல் நாய்கள். ஒரு அக்டோபரில் அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள கெட்சம் ஊரின் பெரிய தெரு வழியாக மலையிலிருந்து இறங்கிய மந்தை போவதைப் பார்த்தேன். ஓநாய்கள் வாழும் மலையில் கோடையைக் கழித்துவிட்டு வந்த ஆடுகள், தெருவை அடைத்துக்கொண்டு, கத்திக்கொண்டு, கொழுகொழுவென்று.

ஏழு ஆண்டுக் கணக்கைப் பார்த்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஓநாய்களைக் கொல்ல அனுமதித்த பக்கத்துப் பகுதியில் ஆட்டிழப்பு, இப்படிக் காவல் போட்ட பகுதியைவிட 3.5 மடங்கு அதிகம். ஆட்டைக் காப்பதுதான் நோக்கம் என்றால் பணம் எங்கே போக வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இரவுக் காவலுக்கு இன்னொரு மேய்ப்பர், இன்னும் இரண்டு நாய் என்று கொடுக்க வேண்டிய காசை ஹெலிகாப்டருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் கொடுக்கிறார்கள்.

ஓநாய்களால் எல்க் மான்கள் அழிகின்றன என்ற வாதமும் உண்டு. ஐடஹோவில் இன்னும் 1,00,000-க்கு மேல் எல்க் இருக்கின்றன. எல்க் குறைந்துபோன லோலோ மலைப்பகுதியில், 1910 பெருந்தீக்குப் பின் முளைத்த புதர்க்காடு அடர்ந்து தீவனம் குறைந்ததும், ஓநாய்கள் பெருகும் முன்பே எல்க் சரியத் தொடங்கியதும் பதிவாகியிருக்கிறது.

ஓநாயைத் தொடவே கூடாது என்று நான் கேட்கவில்லை. பொது நிலத்தில் வளைக்குள் இருக்கும் குட்டிகளைக் கொல்வதைச் சட்டம் போட்டு நிறுத்துங்கள். நாய், தோரணம், இரவுக் காவல் என எதையும் செய்து பார்க்காத இடத்துக்குத் துப்பாக்கி அனுப்பாதீர்கள். அந்த வாரியத்தின் பணத்தை வுட் ரிவர் மாதிரி வேலைகளுக்குத் திருப்பிவிடுங்கள். இவ்வளவுதான்.

பாய்சி, மெரிடியன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓநாய் வேட்டை விதிகளை வகுக்கும் மாநில மீன், வனவிலங்கு ஆணையம் பொதுமக்கள் பேசவும் நேரம் ஒதுக்குகிறது. பண்ணைக்காரர்கள் தவறாமல் வந்து பேசுகிறார்கள், அது அவர்கள் உரிமை. நாமும் இங்கேதான் வரி கட்டுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். வர விருப்பம் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.