அறையில் படுத்திருந்தவர்கள் ஜெயித்த வாக்கெடுப்பு

தெரிந்த தம்பி ஒருவன் தன் பல்கலைக்கழகத்தில் மாணவர் தேர்தல் வரப்போகிறது என்றான். கூடவே, "பாதிப் பேர் ஓட்டே போட மாட்டாங்கண்ணா, பசங்களுக்கு அக்கறையே இல்ல" என்று அலுத்துக்கொண்டான். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தேர்தல் குழுவில் ஒரு வருடம் உட்கார்ந்து எழுந்த பிறகு சொல்வதில்லை.

அந்த வருடம் எங்கள் மாணவர் சங்கத்தில் நிர்வாகிகள் தேர்தலுக்குப் பிறகு ஒரு பொது வாக்கெடுப்பும் நடந்தது. நூலகத்தை விடிய விடியத் திறந்துவைக்கலாமா, அதற்காக செமஸ்டருக்கு ஒரு சிறு தொகையை எல்லா மாணவர்களிடமும் வசூலிக்கலாமா என்பது விஷயம். மாணவர்களே கையெழுத்து வேட்டை நடத்தி, மனு கொடுத்துக் கொண்டுவந்தது.

கேள்வியை எழுத மட்டும் எங்கள் குழுவுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. 'நூலகம் இரவிலும் திறந்திருக்க வேண்டுமா?' என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? 'கூடுதல் கட்டணம் கட்டச் சம்மதமா?' என்று கேட்டால் யார் சரி என்பார்கள்? கடைசியில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து, தொகையையும் போட்டோம். தொகைக்குப் பின்னால் 'மட்டும்' என்று எழுதலாமா என்று அரை மணி நேரம் சண்டை. ரசீதில் போடுவதுதானே என்றது ஒரு தரப்பு. வாக்குச்சீட்டில் போட்டால் 'அட, இவ்வளவுதானா' என்று ஆசை காட்டுவது போல ஆகிவிடும் என்றது இன்னொரு தரப்பு. எடுத்துவிட்டோம். சரியாகத்தான் செய்தோம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் எண்ணிக்கை. எண்களை முழுமையாக்கி, தோராயமாகச் சொல்கிறேன். மொத்த மாணவர்கள் 8,000. குறைந்தது 20 சதவீதம் பேர், அதாவது 1,600 பேர், வாக்களித்தால்தான் முடிவு செல்லும். இதற்குத்தான் கோரம் என்று பெயர் (தமிழில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற இன்னொரு அர்த்தம் அன்றிரவுதான் எனக்கு உறைத்தது). ஆம் என்றவர்கள் 1,000. இல்லை என்றவர்கள் 550. ஆகமொத்தம் 1,550. ஐம்பது பேர் குறைவு, வாக்கெடுப்பு செல்லாது.

இப்போது இதைப் பாருங்கள். கட்டணத்தை எதிர்த்த இன்னும் ஐம்பது பேர் எழுந்து வந்து 'இல்லை' என்று குத்தியிருந்தால்? மொத்தம் 1,600 ஆகிவிடும். கோரம் நிறைந்துவிடும். 1,000-க்கு 600 என்று தீர்மானம் ஜெயித்திருக்கும்! எதிர்ப்பாளர்கள் வாக்களித்திருந்தால் தோற்றிருப்பார்கள். அறையில் போர்வைக்குள் படுத்திருந்ததால் ஜெயித்தார்கள். உண்மையில் ஏமாந்தவர்கள் யாரென்றால், வெயிலில் வரிசையில் நின்று 'இல்லை' போட்ட அந்த 550 பேர்தான். இன்னும் கொஞ்சம் பேர் அவர்களைப் போலவே கடமையைச் செய்திருந்தால் அவர்கள் கட்சியே கவிழ்ந்திருக்கும்.

இது மாணவர்களுக்கு மட்டும் நேர்கிற கூத்து இல்லை. இத்தாலியில் 2005-இல் செயற்கைக் கருத்தரிப்பைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் சில பகுதிகளை நீக்கலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது, அந்தச் சட்டம் நீடிக்க வேண்டும் என்று விரும்பிய கத்தோலிக்க ஆயர்கள் 'வேண்டாம் என்று போடுங்கள்' என்று சொல்லவில்லை. 'போகாதீர்கள்' என்றார்கள். பாதிக்கு மேற்பட்டோர் வந்தால்தான் செல்லும் என்பது அங்கே விதி. வந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. சட்டம் தப்பித்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விதியை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள்.

கோரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாற்பது பேர் கூடி 8,000 பேர் தலையில் கட்டணத்தைக் கட்டிவிடக் கூடாது. ஆனால் வரம்பை வந்தவர்களின் மொத்த எண்ணிக்கைமேல் வைக்காமல், 'ஆம்' வாக்குகள்மேல் வைக்கலாம். மொத்த மாணவர்களில் 10 சதவீதமாவது ஆம் சொல்லியிருக்க வேண்டும், இல்லை என்றவர்களைவிட அதிகமாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கணக்கில் அது 800. அப்படி இருந்தால் எதிர்ப்பவரும் எழுந்து வந்தாக வேண்டும். படுத்துக் கிடந்து பயனில்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலிலும் விதிதான் பாதி வேலையைச் செய்கிறது. பிரிட்டனில் பல மாணவர் சங்கங்களின் வாக்குச்சீட்டில் வேட்பாளர்களோடு 'வேட்புமனுவை மறுபடி திற' என்று ஒரு வரியும் இருக்கும். நம் நோட்டா மாதிரிதானே என்று நினைத்துவிடாதீர்கள். நோட்டா முதலிடத்துக்கு வந்தாலும் அடுத்து இருப்பவர்தான் பொதுவாகப் பதவிக்கு வருவார். அங்கே அந்த வரி ஜெயித்தால் நிஜமாகவே மனுத்தாக்கல் முதலிலிருந்து தொடங்கும். ஒரே ஆள் நிற்கிற பதவிக்கும் அதனால் ஒரு போட்டி உண்டு. எனக்கு மிகப் பிடித்த வேட்பாளர் அந்த வரிதான்.

அந்த நாட்டின் 1994 கல்விச் சட்டம் சங்கத்தின் முக்கியப் பொறுப்புகளுக்கு ரகசிய வாக்கெடுப்பு கட்டாயம் என்கிறது. சம்பளத்தோடு கூடிய பொறுப்பில் ஒருவர் மொத்தம் இரண்டு ஆண்டுகளுக்குமேல் இருக்கக் கூடாது. வெளி அமைப்பு ஒன்றில் சங்கம் உறுப்பினராகத் தொடர வேண்டுமா என்று வாக்கெடுப்பு கேட்க, மாணவர்களில் 5 சதவீதத்துக்கு மேற்பட்ட கையெழுத்தைக் கேட்கக் கூடாது. 2016-இல் அப்படியொரு வெளி அமைப்பான தேசிய மாணவர் சங்கத்தை விட்டு விலகுவதா என்று அங்கே பல வளாகங்களில் வாக்கெடுப்பு நடந்தது. நியூகாசில், ஹல், லாஃப்பரோ எல்லாம் விலகின. கேம்பிரிட்ஜ் விலகவில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். மறு வருடம் அந்தக் கோர விதியைத் திருத்த முயன்றோம். மனு தயார், கையெழுத்தும் தயார், வாசகத்தில் இந்த முறை சண்டைகூட இல்லை. ஆனால் சங்கத்தின் விதியைத் திருத்துவதற்கும் பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அதற்கும் அதே 1,600.

வந்தவர்கள் 1,300 சொச்சம்.