துணி அலங்காரம் நீடிக்காதா?
கையால் தைத்த கிறிஸ்துமஸ் மர அலங்காரங்கள் சில வருடங்களில் வீணாகிவிடும், தலைமுறைக்கும் நிற்பது கண்ணாடி உருண்டைதான் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணாடிக்குப் பெருமை உண்டு, ஜெர்மனியின் லௌஷா ஊரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஊதிச் செய்தார்கள். ஆனால் ஒரு தடவை கை தவறினால் போச்சு. எங்கள் மரத்தில் அம்மா ஃபெல்ட் துணியில் (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) தைத்த நட்சத்திரங்கள் நான் தவழ்ந்த காலத்திலிருந்து தொங்குகின்றன. நான் கடித்துக் கடித்து நைந்துபோன ஒரு முனையை அம்மா வேறு நிற நூலில் தைத்து மூடியது இன்னும் தெரிகிறது. எங்கள் வீட்டில் கெட்டுப்போனவை எல்லாம் பசையால் கெட்டவை: ஒட்டிய மணிகளும் ஜரிகையும் காய்ந்து உதிர்ந்தன, நெருக்கித் தைத்த ஓரம் பிரியவே இல்லை. கம்பளி ஃபெல்ட்டை மட்டும் அந்துப்பூச்சி அரிக்கும், அதை இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும். பின்பக்கம் வருடத்தையும் தைத்துவிட்டால் நல்லது, பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான். அப்புறம், இவற்றைத் துவைக்கலாமா என்று மேலே கருத்துகளில் ஒருவர் கேட்டிருக்கிறார். சிவப்பு, கருநீல நூல் இருந்தால் முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரில் போடவே வேண்டாம், மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். உள்ளே பஞ்சு அடைத்திருந்தால் நன்றாகக் காயாமல் பெட்டிக்குள் வைக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும்.