பேரவையில் மசோதா நிறைவேறினால் மறுநாளே சட்டமா?

“மசோதா நிறைவேறியது” என்று சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மக்களுக்கு அனுப்பும் செய்தி, நான்கு கை மாறியதும் “நாளை முதல் புதுச் சட்டம்” என்றாகிவிடுகிறது. இது தவறு.

பேரவையின் வாக்கெடுப்பு பாதி வழிதான். அரசியலமைப்பின் 200ஆவது பிரிவுப்படி மசோதா ஆளுநரிடம் போக வேண்டும். அவர் ஒப்புதல் தரலாம், திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள பொருளில் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் மாநிலச் சட்டம் நிற்காது. தமிழ்நாட்டின் நீட் விலக்கு மசோதாவையே பாருங்கள்: 2021 செப்டம்பரில் நிறைவேறியது, ஆளுநர் திருப்பி அனுப்பியதால் 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறியது, பிறகு குடியரசுத் தலைவரிடம் போய், ஒப்புதல் மறுக்கப்பட்டது. பேரவை இருமுறை நிறைவேற்றியும் சட்டமாகவில்லை.

ஒப்புதல் கிடைத்தாலும் அவசரப்பட வேண்டாம். சட்டத்தின் முதல் பிரிவைப் படியுங்கள். “அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் நாளில் நடைமுறைக்கு வரும்” என்றிருந்தால், அந்த அறிவிக்கை வரும்வரை எதுவும் மாறாது. விண்ணப்பப் படிவமும் கட்டணமும் பெரும்பாலும் அதன்பின் வரும் விதிகளில்தான் இருக்கும். அதற்கு முன் படிவம் விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது அரசிதழ்: சட்ட எண், ஒப்புதல் தேதி, நடைமுறைக்கு வரும் நாள்.