புது ஆப்ளிவியனில் எனக்குப் பிடித்தது, அவர்கள் தொடாமல் விட்டதுதான்

'ஆப்ளிவியன்' என்ற வீடியோ கேமில், இம்பீரியல் சிட்டி என்ற ஊரின் கோயிலில் டாண்டில்வே என்று ஒரு எல்ஃப் பெண் இருப்பார். பேச்சுத்திறன் சொல்லித்தரும் ஆசிரியை. அவரிடம் ஊர்ச் செய்தி கேட்டால் ஒரு வரியைச் சொல்ல ஆரம்பித்து, நடுவில், "ஒரு நிமிஷம், இதை மறுபடி சொல்றேன்" என்பார். பிறகு அதே வரியை முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்வார். அது கதாபாத்திரம் பேசுவதில்லை. ரெக்கார்டிங்கில் தடுமாறிய குரல் நடிகை பேசுவது. 2006இல் வெட்ட மறந்து கேமுக்குள் வந்துவிட்ட டேக். அதுவும் பேச்சுத்திறன் ஆசிரியைக்கு!

பழைய கேமைப் புதுத் தோற்றத்தில் மறுபடி வெளியிட்ட 2025 ரீமாஸ்டரிலும் அந்தத் தடுமாற்றம் அப்படியே இருக்கிறது. முகத்தை மாற்றினார்கள், தோலை மாற்றினார்கள், கோயில் தூணில் படும் வெளிச்சத்தைக்கூட மாற்றினார்கள். இதை மட்டும் விட்டுவைத்தார்கள். இந்த ரீமாஸ்டரைச் செய்தவர்களுக்கு விஷயம் தெரியும் என்று நான் முடிவுகட்டியது அங்கேதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் நான்காவது கேம் ஆப்ளிவியன். டாட் ஹோவர்ட் தலைமையில் பெதெஸ்டா நிறுவனம் உருவாக்கி, 2006 மார்ச்சில் பிசியிலும் எக்ஸ்பாக்ஸ் 360இலும் வந்தது. ரீமாஸ்டர் 2025 ஏப்ரல் 22 அன்று வந்தது. அறிவித்த அன்றைக்கே விற்பனை, முன்கூட்டி டிரெய்லர், கவுன்ட்டவுன் எதுவும் கிடையாது. பெதெஸ்டாவோடு சேர்ந்து வேலை பார்த்தது சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெர்ச்சுவோஸ்.

வேலை செய்த விதம்தான் சுவாரசியம். பழைய எஞ்சினை, அதாவது கேமை இயக்கும் மென்பொருளை, தூக்கி எறியவில்லை. அது அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் அன்ரியல் எஞ்சின் 5 படம் வரைகிறது. பழையது மூளை, புதியது உடம்பு என்று பெதெஸ்டாவே விளக்கியது. ஆக, கடைக்காரர் எத்தனை மணிக்குக் கடையைப் பூட்டுகிறார், காவலர் உங்களை எப்போது துரத்துகிறார், மேசையைத் தட்டினால் ஆப்பிள் எப்படி உருள்கிறது என்பதெல்லாம் இன்றும் 2006ஆம் வருஷத்துக் கணக்குப்படிதான். ரீமேக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ரீமேக் என்றால் அந்த ஆப்பிளையும் புதிதாக எழுதியிருப்பார்கள்.

அந்த மூளை லேசுப்பட்ட மூளை இல்லை. 'ரேடியன்ட் ஏஐ' என்று பெயர் வைத்து அன்று பெரிதாகப் பீற்றிக்கொண்டார்கள். ஊரில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள் நிரல் உண்டு. எழுவார்கள், சாப்பிடுவார்கள், வேலைக்குப் போவார்கள், வீடு திரும்பித் தூங்குவார்கள். வழியில் ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் நின்று பேசவும் செய்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டுமே! ஒருவர் வணக்கம் சொல்வார். மற்றவர் அன்றைக்கு ஒரு சேற்று நண்டைப் பார்த்ததாகச் சொல்வார். கொடூரமான ஜந்து என்பார் முதலாமவர். உடனே, எந்த முகாந்திரமும் இல்லாமல், போய்வருகிறேன் என்று ரெண்டு பேரும் திரும்பி நடந்துவிடுவார்கள். ஏதோ பரம ரகசியத்தைப் பரிமாறிக்கொண்ட உளவாளிகள் மாதிரி.

இதைவிட அபத்தம், ஆளை மயக்கிப் பேசுவதற்குத் திரையில் வரும் அந்தச் சக்கரம். நாலு துண்டு: ஜோக், புகழ்ச்சி, தற்பெருமை, மிரட்டல். நாலையும் ஒரு சுற்றில் ஒவ்வொரு தடவை பயன்படுத்தியே ஆக வேண்டும். நேரம் போகப் போக எதிராளியின் அபிமானம் வேறு இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு பாதிரியாரை நொடிக்கு நொடி புகழ்ந்து, மிரட்டி, ஜோக் சொல்லி, பெருமையடித்து முடித்தால் அவர் உங்கள் உயிர் நண்பர். ஒவ்வொரு துண்டின் மேலும் கர்சரை வைக்கும்போது அவர் முகம் பூரிப்பிலிருந்து அருவருப்புக்கு ஒரே தாவலில் மாறும். பழைய கேமில் அந்த முகங்கள் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும், அதனால் சிரித்துவிட்டுப் போகலாம். ரீமாஸ்டரில் தோலில் துளைகள் தெரிகின்றன, கண்ணில் ஈரம் தெரிகிறது, அப்படிப்பட்ட முகம் அதே வேகத்தில் கோணலாகிறது. நான் சேவ் பண்ணிவிட்டுச் சிரித்தேன்.

இதையெல்லாம் 'சரி' பண்ணியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? கோட்டை, காடு, எல்ஃப் இருக்கிற இன்னொரு கேம். ஸ்கின்கிராட் ஊரில் ஒரு மாளிகைக்குள் அஞ்சு விருந்தாளிகளோடு உங்களைப் பூட்டிவைக்கும் 'டார்க் பிரதர்ஹுட்' என்ற கொலைகாரர் கூட்டத்தின் குவெஸ்ட்டை (உங்களுக்குத் தரும் வேலையை) எடுத்துக்கொள்ளுங்கள். புதையல் வேட்டை என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். நீங்கள்தான் கொலைகாரன் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தராகச் சாகும்போது மிச்சம் இருப்பவர்கள் உங்களிடமே வந்து யார் மேல் சந்தேகம் என்று பேசுவார்கள். மர பொம்மை மாதிரி நின்று, தலையை மட்டும் ஆட்டி, நாடக வசனம் பேசும் இந்த ஆட்களால்தான் அந்தக் கொடூரம் வேடிக்கையாகிறது. நிஜ நடிகரின் அசைவைப் பதிவுசெய்யும் மோஷன் கேப்சரில், உணர்ச்சி ததும்பும் நடிப்போடு அதை எடுத்தால் தூக்கம் வராது.

குரல்களில் மட்டும் எனக்கு அரை மனசு. பழையதில் விரல்விட்டு எண்ணக்கூடிய நடிகர்களே மொத்த மாகாணத்துக்கும் பேசினார்கள். பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் ஷான் பீனும் டெரன்ஸ் ஸ்டாம்பும் பெரிய பாத்திரங்களோடு சரி. பிச்சைக்காரர் நடுங்கும் குரலில் காசு கேட்பார். ஊர்ச் செய்தி கேட்டால் அதே வாயால் வக்கீல் மாதிரி தெளிவாகப் பேசுவார். ரீமாஸ்டரில், ஒரே குரலைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த இனங்களுக்குத் தனித்தனியாகப் புதுக் குரல்கள் பதிவு செய்து சேர்த்திருக்கிறார்கள். நியாயமான வேலைதான். பழகிய காதுக்கு ஒத்துவர நாளாகிறது, அவ்வளவுதான்.

இப்போது அவர்கள் சரிசெய்தே ஆக வேண்டியிருந்த ஒன்று: லெவல் ஏறும் முறை. பழைய ஆப்ளிவியனை வெறித்தனமாக விளையாடியவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர்கள். ஏழு முக்கியத் திறன்களைத் தேர்ந்தெடுப்பீர்கள். அவற்றில் மொத்தம் பத்துப் புள்ளி கூடினால், கட்டிலில் படுத்துத் தூங்கி எழுந்ததும் ஒரு லெவல். அப்போது வலிமை, அதிர்ஷ்டம் போன்ற பண்புகளில் மூன்றைக் கூட்டிக்கொள்ளலாம். எவ்வளவு கூடும் என்பதில்தான் வம்பு. அந்த லெவலுக்குள் வலிமை சார்ந்த திறன்களைப் பத்துத் தடவை வளர்த்திருந்தால் வலிமை 5 கூடும். ரெண்டே தடவை வளர்த்திருந்தால் 2 மட்டும். அதனால் கெட்டிக்காரத்தனமான ஆட்டம் எது? உங்களுக்குத் தேவைப்படாத திறன்களை 'முக்கியம்' என்று குறித்துவைத்துவிட்டு, நிஜமாகத் தேவையானதைச் சத்தமில்லாமல் வளர்ப்பது. பக்கத்தில் பேனாவும் பேப்பரும். சுவரைப் பார்த்துப் பதுங்கியபடி பொத்தானை அழுத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்களை எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன்.

ரீமாஸ்டரில் இதைத் தூக்கிவிட்டார்கள். எந்தத் திறன் வளர்ந்தாலும் லெவலுக்குக் கணக்கு. ஒவ்வொரு லெவலுக்கும் 12 புள்ளி. அதை அதிகபட்சம் மூன்று பண்புகளுக்குப் பிரித்துக்கொடுக்கலாம், ஒன்றுக்கு 5க்கு மேல் கிடையாது. அதிர்ஷ்டம் மட்டும் விலை கூடுதல், ஒரு புள்ளி ஏற நாலு செலவாகும். இவ்வளவுதான் மாற்றம். ஆனால் ஆட்டமே வேறு. வில் பிடித்திருந்தால் வில்லோடு சுற்றலாம், பேப்பர் வேண்டாம். ஓடுவதற்கு ஸ்பிரின்ட் வேறு வந்திருக்கிறது. இது இல்லாமல் அந்த மாகாணத்தை எப்படிக் கடந்தோம் என்று இப்போது யோசித்தால் கால் வலிக்கிறது.

இதே கையோடு அடுத்த ஓட்டையையும் அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. நீங்கள் வளர வளர உலகமும் கூடவே வளரும் என்பது 2006இல் எல்லோரும் திட்டித் தீர்த்த விஷயம். ஆரம்பத்தில் கிழிந்த தோல் கவசத்தோடு வழிமறித்த கொள்ளைக்காரன், நீங்கள் பெரிய ஆளானதும் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தில் வந்து நிற்பான். அதை விற்றாலே அவன் வம்சம் உட்கார்ந்து சாப்பிடும். அவனோ உங்களிடம் பிச்சைக்காசு நூறு பொன் கேட்டு மிரட்டுவான். ரீமாஸ்டரிலும் அவன் இருக்கிறான். டாண்டில்வேயின் தடுமாற்றத்தைக் காப்பாற்றியதற்குக் கைதட்டுகிற நான் இவனையும் ரசிக்க வேண்டுமா என்றால், முடியாது. தடுமாற்றம் என் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. இவன் கெடுக்கிறான். நாற்பது மணி நேரம் உழைத்து வளர்ந்ததற்குப் பலன் எங்கே என்ற கேள்விக்கு இந்த கேமில் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. கேமின் கடின நிலைகளில் 'அடெப்ட்'டுக்கும் 'எக்ஸ்பர்ட்'டுக்கும் நடுவே பெரிய பள்ளம் என்று ஆட்கள் கத்தியபிறகு, நடுவில் 'ஜர்னிமேன்' என்று ஒரு படியை அப்டேட்டில் போட்டார்கள். கொள்ளைக்காரனின் கவசத்தை அது கழற்றவில்லை.

சரி, இனி என் நிஜமான குறை. வெளிச்சம்.

நான் முதலில் விளையாடியது ஓட்டைக் கணினியில். அதிலிருந்த கிராபிக்ஸ் கார்டு இந்த கேமுக்குத் தகுதியில்லாதது. அப்படிப்பட்ட கார்டுகளுக்காகவே ரசிகர்கள் 'ஓல்ட்பிளிவியன்' என்று ஒன்றைச் செய்திருந்தார்கள். அது ஒளியையும் நிழலையும் வரையும் ஷேடர் நிரல்களை எளிமையாக்கி, எப்படியோ ஓடவைத்துவிடும். ஓடியது, ஆனால் உலகம் சோகையாக இருந்தது. அப்புறம் நல்ல கார்டு உள்ள நண்பன் வீட்டில் அதே இடத்தைப் பார்த்தேன். கேமின் ஆரம்பத்தில் சாக்கடையிலிருந்து வெளியே வந்ததும் ஏரி, அந்தப் பக்கம் வெள்ளைக் கல் இடிபாடுகள். எல்லாவற்றின் மேலும் பால் ஊற்றியது போல ஒரு ஒளி. புல் இயற்கையில் இல்லாத பச்சை. தொழில்நுட்பமாகச் சொன்னால் அது அளவுக்கு மீறிய ப்ளூம் எஃபெக்ட், அந்தக் காலத்து கேம்களின் பொது வியாதி. ஆனால் அந்த வியாதிதான் கேம் நடக்கும் சைரோடீல் மாகாணத்தைக் கனவு மாதிரி காட்டியது.

ரீமாஸ்டரில் அதே இடத்தில் நின்றால் காட்சி பிரமாதம், சந்தேகமே இல்லை. நிழல் சரியான இடத்தில் விழுகிறது, தண்ணீர் தண்ணீராக இருக்கிறது. ஆனால் புல் காய்ந்திருக்கிறது. மொத்த நாட்டுக்கும் ஒரு பழுப்பு மஞ்சள் பூச்சு. வெளிவந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பூச்சை நீக்க மாட்கள் (ரசிகர்கள் கேமில் செய்து பகிரும் மாற்றங்கள்) வந்தன என்றால் எனக்கு மட்டும் உறுத்தவில்லை என்றுதானே அர்த்தம். இதே மாதிரி இன்னொரு ரீமாஸ்டரான 'டயப்லோ 2 ரிசரெக்டட்'டில் கீபோர்டில் ஜி விசையைத் தட்டினால் அந்த நொடியே பழைய தோற்றம் வரும். மறுபடி தட்டினால் புதியது. இங்கேயும் மூளை பழையதுதானே, பழைய கண்ணையும் மாட்டும் வசதி கொடுத்திருக்கக் கூடாதா? படம் வரைவது முழுக்க வேறு எஞ்சின் என்பதால் அது சுலபமில்லை என்று புரிகிறது. புரிந்தாலும் ஆசை போகவில்லை.

வெட்டவெளியில் குதிரை ஓட்டும்போது படம் திக்குகிறது என்று பிசி ஆட்கள் பலரும் சொன்னார்கள், தொழில்நுட்ப விமர்சகர்களும் அதையேதான் எழுதினார்கள். பழையதும் திக்கும். ஆனால் திரையின் ஓரத்தில் 'இடம் லோடாகிறது' என்று எழுதிக்காட்டித் திக்கும், அந்த மரியாதை இருந்தது. குதிரை என்றதும் ஞாபகம் வருகிறது: 2006இல் கேமில் வரும் குதிரைக்கு இரண்டரை டாலருக்குக் கவசம் விற்று உலகமே காறித் துப்பியது அல்லவா? 2025இல் விலை கூடிய டீலக்ஸ் பதிப்போடு புதுக் குதிரைக் கவசம் தருகிறார்கள். தன்னையே கிண்டல் செய்துகொண்டு, அதற்கும் காசு வாங்குகிறார்கள். ரசித்தேன், வாங்கவில்லை.

மாட் விஷயத்தில் மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை. அசலோடு 'கன்ஸ்ட்ரக்ஷன் செட்' என்ற கருவியை பெதெஸ்டா இலவசமாகக் கொடுத்தது. அதை வைத்துத்தான் அந்தக் கண்ணாடிக் கவசக் கொள்ளைக்காரனை ரசிகர்கள் 'ஆஸ்குரோஸ் ஆப்ளிவியன் ஓவர்ஹால்' என்ற மாட்டில் அடக்கினார்கள். ஆபத்தான இடம் ஆபத்தாகவே இருக்கும், உங்கள் லெவலைப் பார்த்துக் குனியாது. ஷூர்ஏஐ என்ற ஜெர்மன் குழு 2010இல் 'நெரிம்' என்று முழுக்கப் புதிய நாடு, புதிய கதையோடு தனி கேமையே அதன் மேல் கட்டியது. அதுவும் இலவசம். ரீமாஸ்டருக்கு அதிகாரபூர்வ மாட் ஆதரவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ரசிகர்கள் பழைய கருவிகளை வளைத்து, உடைத்து எதையோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடியில் இருப்பது பழைய எஞ்சின் என்பதால்தான் அதுவாவது முடிகிறது. பொதுவழியாக இருந்ததைக் கம்பி வெட்டி நுழைகிற வழியாக ஆக்கிவிட்டார்கள்.

முதல் தடவை விளையாடப் போகிறவர்கள் இன்பாக்ஸில் கேட்கிறார்கள், எதை வாங்குவது என்று. கணினி தாங்கும் என்றால் ரீமாஸ்டர், யோசிக்கவே வேண்டாம். லெவல் கணக்கு இல்லாத ஒன்றுக்காகவே அது போதும். ஹார்ட் டிஸ்க்கில் நூறு ஜிபிக்கு மேல் காலி செய்து வைத்துக்கொள்ளுங்கள். அசல் அஞ்சு ஜிபிகூடக் கேட்காது, ஸ்டீமில் இன்னும் விற்பனையில் இருக்கிறது, தள்ளுபடி நேரத்தில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். மாட் போட்டுப் பிரித்து மேயும் ஆசை உள்ளவர்கள் அதை வாங்குங்கள். ஏற்கெனவே ரெண்டையும் விளையாடியவர்கள் கமென்ட்டில் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அந்தப் பழுப்பை நீக்க எந்த மாட் போட்டிருக்கிறீர்கள்?