மறுத்த சால்டர்னும் மறுக்க முடியாதவர்களும்

மாளிகையைக் கொள்ளையடிக்கச் சொன்ன அரசரின் கட்டளையை மறுத்தார் என்று பிரஷ்யத் (அன்றைய ஜெர்மானிய அரசு) தளபதி ஃபான் சால்டர்னை மனசாட்சியின் நாயகனாகக் கொண்டாடுகிறவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் புகார்.

ஏழாண்டுப் போரின் நடுவே, 1760 அக்டோபரில் ரஷ்ய, ஆஸ்திரியப் படைகள் பிரஷ்யத் தலைநகர் பெர்லினுக்குள் புகுந்தன. கூடவே வந்த, இன்னொரு ஜெர்மானிய நாடான சாக்சனியின் படையினர் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் சார்லட்டன்பர்க் அரண்மனையைச் சூறையாடினார்கள். பழங்காலச் சிலைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. அடுத்த ஜனவரியில், லைப்சிக்கில் தங்கியிருந்த அரசருக்குப் பழிதீர்க்கும் எண்ணம் வந்தது. சால்டர்னைக் கூப்பிட்டார். சாக்சனி ஆட்சியாளரின் வேட்டை மாளிகை ஹூபர்டஸ்பர்க்கைச் சூறையாடிக் காலி செய். வரும் பணத்தில் ராணுவ மருத்துவமனைக்குக் கொடுத்தது போக மீதி உனக்கு என்றார்.

சால்டர்ன் மாட்டேன் என்றார். எதிரியின் பீரங்கிகளைத் தாக்கச் சொல்லுங்கள், போகிறேன். இது என் மானத்துக்கும் சத்தியத்துக்கும் விரோதம் என்றாராம். "சால்டர்ன், உனக்குப் பணக்காரனாக ஆசையில்லை" என்று அரசர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இதே கட்டளையை மறுத்தவர் என்று ஃபான் டெர் மார்விட்ஸ் என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரியையும் சொல்வார்கள். கீழ்ப்படிதல் பெருமை தராத இடத்தில் அரசரின் வெறுப்பைத் தேர்ந்தவர் என்று அவர் கல்லறையிலேயே பொறித்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் சால்டர்ன் கலகக்காரர் இல்லை. ஹோக்கிர்க் போரில் தோற்ற படை பின்வாங்கியபோது காவலாக நின்றவர், டோர்காவ் போரில் சூப்டிட்ஸ் குன்றைப் பிடித்தவர்களில் ஒருவர். அணிவகுப்பில் அப்படியொரு வெறி! நிமிடத்துக்கு 75 அடி எடுத்துவைப்பதா 76 அடியா என்று மண்டையை உடைத்துக்கொண்டதாகப் பின்னால் வந்தவர்கள் கேலி செய்தார்கள்.

சரி, மறுத்ததற்கு என்ன தண்டனை? கொஞ்ச காலம் அரசரின் கோபம், அவ்வளவுதான். போர் முடிந்ததும் மாக்டபர்க்கில் காலாட்படைக் கண்காணிப்பாளர் பதவி. 1766-ல் லெப்டினன்ட் ஜெனரல். அவர் படையில் ஒரு சாதாரணச் சிப்பாய் கட்டளையை மீறியிருந்தால்? 200 பேர் இரண்டு வரிசையாகப் பிரம்போடு நிற்க, வெற்று முதுகோடு நடுவே நடந்திருப்பான். எத்தனை முறை என்பது தீர்ப்பைப் பொறுத்தது. மானம் என்ற சொல்லே பிரபுக்களுக்குத்தான் செல்லுபடியானது. சால்டர்ன் துணிந்தவர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் துணிவுக்குப் பின்னால், பிரபு வம்சத்தைக் காட்டும் 'ஃபான்' என்ற பட்டம் இருந்தது.

மாளிகையும் தப்பவில்லை. வேலை குய்ஷார் என்ற அதிகாரியின் கைக்குப் போனது. பிரபு வம்சம் இல்லை; படித்த மனிதர், கிரேக்க ரோமானியப் போர்முறை பற்றி எழுதியவர். அரசரே அவருக்கு 'குவிண்டஸ் இசிலியஸ்' என்று ரோமானியப் பெயர் சூட்டி வைத்திருந்தார். அவர் மறுத்திருந்தால் மாக்டபர்க் பதவி கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். துடைத்தெடுத்த அதே மாளிகையில்தான் 1763 பிப்ரவரி 15-ல் சமாதான ஒப்பந்தமும் கையெழுத்தானது.

அப்புறம் ஒருநாள் விருந்தில், "அங்கே எவ்வளவு சுருட்டினாய்?" என்று அரசர் குய்ஷாரைச் சீண்டினாராம். "தங்களுக்குத் தெரியாதா? பங்கு போட்டுக்கொண்டோமே" என்றாராம் அவர்.